சீலைப்பேனும் மாற்றுடையும்

இரத்த அழுத்தம், நீரிழிவு, மூட்டுவலி ஆகியவற்றைப் பற்றி நாம் கூச்சமின்றிப் பேசுகிறோம். திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போதே ஒருவருக்கொருவர் மருந்தும் பத்தியமும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால், பேன் என்ற சொல் எழுந்தால் போதும், பேசுவோரின் குரல் தாழ்ந்துவிடுகிறது. அதிலும் சீலைப்பேன் என்றால் பேச்சே நின்றுவிடுகிறது. அது பற்றியவர் தம் துன்பத்தை எவரிடமும் கூறுவதில்லை. அதைக் கண்டவர் விலகிச் செல்கிறார். இந்த மௌனத்தில்தான் அப்பூச்சி செழித்து வளர்கின்றது. எனவே இம்மாதம், குடும்ப இதழொன்றில் பேசத் தகாதது என்று சிலர் எண்ணக்கூடிய இப்பொருளைப் பற்றியே பேசத் துணிந்தோம். இதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம். அதில் நமது குற்றமும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பங்கில், மார்கழி மாதத்து விடியற்காலையில் கோவிலின் முகப்பு மண்டபத்தில் முதியவர் ஒருவர் படுத்திருந்தார். உடுத்தியிருந்த வேட்டியும், மேலே ஒரு சட்டையும், போர்த்திக்கொள்ள ஒரு பழைய கம்பளிப் போர்வையுமே அவரது உடைமைகள். எந்த ஊர் என்று கேட்டபோது வடக்கே கையைக் காட்டினார்; அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. நாள்தோறும் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். ஓயாமல் அக்குளையும் இடுப்பையும் சொறிந்துகொண்டிருந்தார்.

ஒரு வாரம் சென்றதும் சில குடும்பத்தார் நம்மிடம் வந்தனர். “சாமி, அவர் பக்கத்தில் உட்கார முடியவில்லை. சட்டைக் காலரில் பேன் ஊர்கிறது. பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும்” என்றனர். அவர்கள் அஞ்சியதில் தவறில்லை. நாம் அந்தப் பெரியவரிடம் சென்று, “பெரியவரே, கொஞ்ச நாளைக்கு வெளி மண்டபத்திலிருந்தே பூசை காணுங்கள்” என்று கூறினோம். அவர் மறுமொழி ஏதும் சொல்லவில்லை. போர்வையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போய் அமர்ந்தார்.

நமது மனம் உறுத்தவே, உபதேசியாரிடம் சொல்லி, ஆழ்குழாய்க் கிணற்றடியில் அவரைச் சோப்பிட்டுக் குளிக்கச் செய்தோம். புதிய வேட்டியும் சட்டையும் துண்டும் வாங்கிக் கொடுத்தோம். பழையவற்றை எரித்துவிட்டோம். காரியம் முடிந்தது என்றே எண்ணியிருந்தோம். இரண்டு வாரம் ஆகுமுன்னரே அவர் மீண்டும் சொறியத் தொடங்கினார். புதிய சட்டையின் அக்குள் தையலை விரித்துப் பார்த்தபோது, அங்கே பேன்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

அப்போது, அண்மையிலிருந்த முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியாகப் பணிபுரியும் கன்னியர் ஒருவர் தற்செயலாக வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அவருடைய போர்வை எங்கே, சாமி?”

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெயரிலேயே இருக்கும் உண்மை

நம் முன்னோர் இப்பூச்சிக்கு மிகப் பொருத்தமாகவே பெயரிட்டனர். சீலை என்றால் துணி. துணியில் வாழும் பேன் சீலைப்பேன். தலைப்பேன் கூந்தலில் குடியிருந்து முடியிலேயே ஈர் வைக்கும். சீலைப்பேனோ மனித உடலில் குடியிருப்பதில்லை. அதன் வீடு நாம் உடுத்தும் துணி. நம் உடல் அதற்கு உணவுச்சாலை மட்டுமே. நாளொன்றுக்குச் சில முறை தோலுக்கு வந்து இரத்தத்தை உறிஞ்சிவிட்டு, மீண்டும் துணியின் மடிப்பிற்குள் சென்று ஒளிந்துகொள்ளும். காலர், அக்குள், இடுப்புப் பட்டி, நாடா கோக்கும் மடிப்பு ஆகிய தையல் ஓரங்களே அதற்கு விருப்பமான இடங்கள். அங்கேதான் ஈர்களையும் ஒட்டிவைக்கும்.

அதன் வாழ்க்கைக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஈர் பொரிப்பதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்தை அடைய மேலும் 9 முதல் 12 நாட்கள் ஆகும். முழு வளர்ச்சி பெற்ற பேன் 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அது பறக்காது, குதிக்காது. ஊர்ந்து மட்டுமே செல்லும். மனித இரத்தம் கிடைக்காவிடில் ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் மடிந்துவிடும். ஈர் பொரிப்பதற்கும் உடலின் வெதுவெதுப்புத் தேவை.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். துணியை அடிக்கடி மாற்றித் துவைப்பவரிடம் சீலைப்பேன் நிலைத்து வாழ இயலாது. ஒரே துணியை இரவும் பகலும் வாரக்கணக்கில் அணிய வேண்டிய நிலையிலுள்ளவரிடமே அது பெருகும். அகதி முகாமில் அடைபட்டவர், சிறையில் நெருக்குண்டவர், போர்முனையில் கிடக்கும் வீரர், தெருவோரத்தில் உறங்குபவர், மனம் பேதலித்துத் திரிபவர் ஆகியோரே அதற்கு இரையாகின்றனர். அது மனிதனின் தகுதியைப் பார்ப்பதில்லை. 1170-ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று கான்டர்பரி பேராலயத்தில் வெட்டுண்டு இறந்த பேராயர் புனித தாமஸ் பெக்கெட்டின் உடலைத் துறவியர் அடக்கத்திற்கு ஆயத்தம் செய்தபோது, அவர் உள்ளே அணிந்திருந்த மயிராடையில் பேன்கள் மொய்த்திருக்கக் கண்டனர். தவத்திற்காக மாற்றாது அணிந்த பேராயரின் ஆடையும், மாற்றுடை இல்லாத ஏழையின் ஆடையும் பேனுக்கு ஒன்றே.

அரிப்பெல்லாம் சீலைப்பேனால் வருவது என்றும் எண்ணிவிடக் கூடாது. சொறி சிரங்கை உண்டாக்கும் நுண்ணிய சிற்றுண்ணி தோலுக்குள்ளேயே குடைந்து வாழும். விரல் இடுக்குகளில் அரிப்பு மிகும். மூட்டைப்பூச்சி கட்டில் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து இரவில் கடிக்கும். கழுத்து, தோள், அக்குள், இடுப்பு எனத் துணி இறுகும் இடங்களில் அரிப்பும் சிறு தடிப்புகளும் தோன்றினால், உடுப்பை உட்புறமாகத் திருப்பித் தையல்களை வெளிச்சத்தில் பாருங்கள். பேனோ ஈரோ அங்கு தென்பட்டால் அது சீலைப்பேன் என்று உறுதியாகக் கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளின் தலையில் காணும் பேன் வேறு. அது எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வரும், அழுக்கின் அடையாளமன்று.

மருத்துவமனை வாசலில் ஒரு பாடம்

சீலைப்பேன் வெறும் அரிப்போடு நின்றுவிடுவதாயின் இத்துணை விரிவாக எழுத வேண்டியதில்லை. மூன்று கொடிய காய்ச்சல்களை அது மனிதரிடையே பரப்பவல்லது. டைஃபஸ் என்னும் கொள்ளைக் காய்ச்சல் முதலாவது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த வீரர்களை வருத்திய பதுங்குகுழிக் காய்ச்சல் இரண்டாவது. தணிந்து தணிந்து திரும்பிவரும் மீள்காய்ச்சல் மூன்றாவது. டைஃபஸ் வேறு, நாம் நன்கறிந்த டைஃபாய்டு வேறு. அண்மைக் காலத்தில் தமிழகத்து மருத்துவமனைகளில் அடிக்கடி கேள்விப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் என்பதும் வேறு. அது புதர்களில் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பூச்சி கடிப்பதால் வருவது.

டைஃபஸ் எவ்வாறு பரவுகிறது என்பதைப் பல நூற்றாண்டுகளாக எவரும் அறியவில்லை. அதைக் கண்டறிந்தவர் சார்ல் நிக்கோல் என்னும் பிரெஞ்சு மருத்துவர். வட ஆப்பிரிக்காவின் தூனிஸ் நகரில் பாஸ்டர் ஆய்வு நிலையத்தின் தலைவராக இருந்த அவர், அந்நகர மருத்துவமனையில் ஒரு விந்தையைக் கவனித்தார். டைஃபஸ் நோயாளிகள் வாசலுக்கு வெளியே இருக்கும்வரை அவர்களிடமிருந்து நோய் மற்றவர்க்குத் தொற்றியது. அவர்களை வரவேற்று அவர்களது உடைகளை வாங்கிக்கொண்டோர்க்கும், அவ்வுடைகளைச் சலவை செய்தோர்க்கும் தொற்றியது. ஆனால் நோயாளி குளிப்பாட்டப்பட்டு, மருத்துவமனை உடை அணிந்து உள்ளே படுக்கையில் சேர்ந்தபின், பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தொற்றவில்லை. அப்படியாயின் நோய் எங்கே நின்றுவிட்டது? வாசலில் களைந்த துணிகளோடு நின்றுவிட்டது. அத்துணிகளில் இருப்பது எது? சீலைப்பேன். 1909-ஆம் ஆண்டில் குரங்குகளைக் கொண்டு நடத்திய சோதனைகளால் நிக்கோல் இதனை மெய்ப்பித்தார். 1928-இல் அவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் படித்தபோது நாம் தலைகுனிந்தோம். அந்த மருத்துவமனை துணியை வெளியே நிறுத்தி, மனிதரை உள்ளே ஏற்றுக்கொண்டது. நாமோ மனிதரை வெளியே நிறுத்தி, துணியை அவரோடேயே விட்டுவிட்டோம்.

பேன் கடிப்பதால் மட்டும் டைஃபஸ் பரவுவதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நலம். நோயாளியின் இரத்தத்தைக் குடித்த பேனின் குடலில் கிருமி பெருகி, அதன் கழிவோடு வெளிப்படுகிறது. அரிப்புத் தாளாமல் சொறிகையில் அக்கழிவு தோற்கீறல் வழியே உட்செல்கிறது. உலர்ந்து தூசியான கழிவிலும் கிருமி பல நாட்கள் உயிரோடிருக்கும். மீள்காய்ச்சலின் கிருமியோ, பேனை நசுக்கும்போது வெளிப்பட்டு உடலுக்குள் நுழைகிறது. ஆகவே சீலைப்பேன் பற்றிய துணியை உதறுவதும், பேனை நகத்தால் குத்துவதும் தீமையை நாமே வரவழைப்பதாகும்.

அறியாமல் இறந்தோரும் அறிந்தே சென்றோரும்

இச்சிறு பூச்சி வரலாற்றில் விளைத்த அழிவு பெரிது. 1812-இல் இரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் படைவீரர்கள் புதைக்கப்பட்ட பெருங்குழி ஒன்று, 2001-இல் லிதுவேனியாவின் வில்னியூஸ் நகரில் வெளிப்பட்டது. அக்குழியில் சீலைப்பேன்களின் எச்சங்களையும், வீரர் சிலருடைய பற்களில் பேன் பரப்பும் கிருமிகளின் தடயங்களையும் ஆய்வாளர் கண்டு 2006-இல் வெளியிட்டனர். முதல் உலகப் போருக்குப்பின் இரஷ்யாவில் பரவிய டைஃபஸால் ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது.

1847-இல் அயர்லாந்தின் பெரும்பஞ்சத்திற்குத் தப்பிக் கப்பலேறிய ஏழைகள் கனடா நாட்டுத் துறைமுகங்களில் டைஃபஸோடு வந்திறங்கினர். மாற்றுத் துணியின்றி வாரக்கணக்கில் கப்பலின் அடித்தளத்தில் நெருங்கிக் கிடந்தவர்கள் அவர்கள். டொரொன்டோவின் முதல் ஆயர் மைக்கேல் பவர் அவர்களிடையே சென்று நோயில்பூசுதல் அளித்துப் பணிபுரிந்தார். அந்நோயாலேயே 1847 அக்டோபர் 1 அன்று உயிர் நீத்தார். நோய் எதனால் பரவுகிறது என்பதை அவரோ, அக்காலத்து மருத்துவர்களோ அறிந்திருக்கவில்லை.

ஆனால் 1945-இல் அனைவரும் அறிந்திருந்தனர். அவ்வாண்டின் குளிர்காலத்தில் ஜெர்மனியின் டாக்கௌ வதைமுகாமில் டைஃபஸ் தலைவிரித்தாடியது. நோயுற்ற கைதிகளைத் தனிக் குடிசைகளில் அடைத்துவிட்டனர். உள்ளே சென்றவர் உயிரோடு மீள்வது அரிது. அங்குக் கைதியாயிருந்த போலந்து நாட்டுக் குரு ஸ்டீபன் வின்சென்டி ஃபிரெலிகோவ்ஸ்கி அவர்களிடம் சென்று பணிவிடை செய்தார். 1945 பிப்ரவரி 23 அன்று தமது 32-ஆம் வயதில் மாண்டார். மரியன்ஹில் சபையைச் சேர்ந்த எங்கெல்மார் உன்ட்சைட்டிக் என்னும் குருவும் வேறு குருக்கள் பலரோடு தாமாகவே முன்வந்து அந்நோயாளிகளைக் கழுவித் துடைத்துப் பேணினார். அவர் மார்ச் 2 அன்று இறந்தார். ஏப்ரல் 29 அன்று முகாம் விடுவிக்கப்பட்டது. ஃபிரெலிகோவ்ஸ்கிக்கு 1999-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் முத்திப்பேறு பட்டம் வழங்கினார். உன்ட்சைட்டிக் 2016-இல் அப்பட்டம் பெற்றார்.

பேன் பற்றிய உடலைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்தே சென்றவர்கள் அவர்கள். அவர்களிடம் வெந்நீர் இல்லை, மாற்றுடை இல்லை, மருந்தும் இல்லை. இன்று நம்மிடம் இவை யாவும் உண்டு. டைஃபஸையும் ஏனைய இரண்டு காய்ச்சல்களையும் குணப்படுத்தும் உயிரெதிர் மருந்துகளும் உண்டு. சீலைப்பேன் கண்டவரிடமெல்லாம் இக்காய்ச்சல்கள் இருக்கும் என்று அஞ்ச வேண்டியதுமில்லை. அவ்வாறிருக்க, நாம் ஒதுங்கி நிற்பதற்கு என்ன காரணம் சொல்வோம்?

வீட்டில் செய்ய வேண்டுவன

இனி, அந்தக் கன்னியர் நமக்குக் கற்பித்த முறையைக் கூறுகிறோம். இதற்கு மிகுந்த செலவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பேன் அதிலிருந்து திரும்பிவரும்.

முதலாவது, துணிகளைச் சேர்த்தல். உடுத்தியுள்ளவை மட்டுமன்றி, படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை, துண்டு, குல்லாய், மப்ளர் ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். கையில் ரப்பர் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளலாம். உதறாமல் மெல்லச் சுருட்டி, நேரே அண்டாவிலோ வாளியிலோ இடுங்கள். பாயின்மேலும் நாற்காலியின்மேலும் போட்டு வைக்காதீர்கள். அதே படுக்கையில் படுப்போர், அதே துணியைப் பயன்படுத்துவோர் அனைவருடைய துணிகளும் அன்றே சேரட்டும்.

இரண்டாவது, குளியல். வெதுவெதுப்பான நீரில் உடல் முழுவதும் சோப்பிட்டுத் தேய்த்துக் குளித்து, சுத்தமான உடையை முழுமையாக அணிய வேண்டும். பேன் துணியில் இருப்பதால் பெரும்பாலும் உடலுக்கு மருந்து தேவைப்படுவதில்லை. உடல் உரோமங்களில் ஈர் ஒட்டியிருந்தால் மட்டும் மருத்துவரைக் கண்டு, அவர் தரும் மருந்தைப் பூசலாம்.

மூன்றாவது, வெந்நீர். இதுவே தலையாய மருந்து. பச்சைத் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் பேன் சாவதில்லை. மணிக்கணக்கில் நீரில் மூழ்கியிருந்தும் அது பிழைத்துக்கொள்ளும். ஆனால் 54 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டைப் பேனும் தாங்காது, ஈரும் தாங்காது. கையை அமிழ்த்தி வைத்திருக்க முடியாத சூடு அது. பருத்தித் துணிகளை அண்டாவில் சோப்புத் தூளோடு கொதிக்கவிட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர் வெள்ளாவி வைத்து வந்ததன் பயன் வெண்மை மட்டுமன்று. அந்த ஆவிச்சூட்டில் பேனும் ஈரும் ஒருசேர அழிந்தன. கொதிக்கவிட்டால் கெடும் நைலான் போன்ற துணிகளை, 60 டிகிரி அளவுக்குச் சுட்ட நீரில் ஊறவைக்கலாம். சலவை இயந்திரம் உள்ளவர்கள் வெந்நீர் முறையில் அதே சூட்டை அமைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, வெயிலும் இஸ்திரியும். துவைத்தவற்றை நல்ல வெயிலில், உட்புறத்தை வெளியே திருப்பிக் காயப்போடுங்கள். காய்ந்தபின் தையல் ஓரங்களின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தி நகர்த்துங்கள். காலர், அக்குள், இடுப்புப் பட்டி ஆகியவற்றில் இரண்டு முறை அழுத்துவது நன்று. வெயில் நல்ல துணையே. எனினும் தடித்த மடிப்பின் உள்ளே சூடு எட்டாதாகையால், வெயிலை மட்டும் நம்பி வெந்நீரை விட்டுவிடக் கூடாது.

ஐந்தாவது, துவைக்க இயலாதவை. கம்பளி, இலவம்பஞ்சுத் தலையணை, மெத்தை, கனத்த மேலங்கி போன்றவற்றைக் காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் பையிலிட்டு வாயை இறுகக் கட்டி, இரண்டு வாரம் தொடாமல் வையுங்கள். உணவின்றிப் பேன் ஒரு வாரத்தில் சாகும். ஈர் பொரிந்தாலும் குஞ்சுக்கு இரத்தம் கிடைக்காது. பட்டினியே இங்கு மருந்து.

ஆறாவது, மறுபார்வை. ஒரு வாரம் கழித்தும், அடுத்த வாரத்திலும் உடைகளின் தையல்களை மறுபடியும் திருப்பிப் பாருங்கள். வாரத்திற்கு ஒரு முறையேனும் கட்டாயம் உடையும் விரிப்பும் மாற்றப்பட்டு, வெந்நீரில் துவைக்கப்பட வேண்டும். நமது வெப்ப நாட்டில் நாள்தோறும் மாற்றுவது இன்னும் சிறந்தது.

செய்யக்கூடாதவை

வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை ஒருபோதும் துணியிலோ உடலிலோ தெளிக்காதீர்கள். அது தோல் வழியே உடலில் கலந்து உயிருக்கே உலை வைக்கும். மண்ணெண்ணெய் பூசுவதும் ஆபத்தே. தோல் புண்ணாகும், தீப்பற்றவும் கூடும். வீடு முழுவதும் மருந்தடிக்கத் தேவையில்லை. தரையில் விழுந்த பேன் உணவின்றித் தானே மடியும். பெருக்கித் துடைத்தாலே போதும்.

முன்னொரு காலத்தில் டி.டி.டி. பொடியே இதற்கு முடிவான மருந்து என்று கருதினர். 1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பரவிய டைஃபஸை, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களின் உடைகளுக்குள் பொடி தூவி அடக்கினர். ஆனால் 1950-களின் தொடக்கத்தில், கொரியப் போரின்போது, அப்பொடிக்குச் சாகாத பேன்கள் தோன்றிவிட்டன. பொடியை எதிர்க்கக் கற்றுக்கொண்ட பேன், கொதிநீரை எதிர்க்க இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை.

சொறிந்து புண்ணாகிச் சீழ்பிடித்தாலும், அல்லது காய்ச்சல், கடுந்தலைவலி, உடலில் தடிப்பு தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். சீலைப்பேன் இருந்ததை அவரிடம் மறைக்காமல் கூறுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர் நோயை ஊகித்துணர வழியில்லாது போகும்.

போர்வை திரும்பி வந்தது

மீண்டும் அந்தப் பெரியவரிடம் வருவோம். நாம் அவருக்குப் புத்தாடை கொடுத்தபோது, அவர் தமது போர்வையை மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். அதையும் எரித்துவிடுவோம் என்று அஞ்சியிருக்கிறார். அதைக் கொடுக்கும்படி கன்னியர் கேட்டபோது இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். “இது போனா ராத்திரி குளிருக்கு என்ன செய்வேன்மா? வேற ஒண்ணும் இல்லையே” என்றார்.

கன்னியர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இல்லத்திலிருந்து இரண்டு போர்வைகளை வரவழைத்து முதலில் அவர் மடியில் வைத்தார். பிறகு, “ஐயா, உங்கள் போர்வையை நாங்கள் எரிக்கமாட்டோம். இரண்டு வாரம் கட்டி வைத்துவிட்டு, உங்களிடமே திருப்பித் தருகிறோம்” என்றார். அதன்பின்னரே அவர் பிடியைத் தளர்த்தினார். அவர் கண்முன்னேயே கன்னியர் அதைப் பையிலிட்டுக் கட்டி, நாளைக் குறித்து, நமது அறையின் மூலையில் வைத்தார். அவருடைய உடைகள் அன்று மாலை உபதேசியார் வீட்டுப் பின்புறத்தில், கோவில் திருநாளுக்குச் சோறு வடிக்கும் அண்டாவில் கொதித்தன. அண்டாவுக்கு அடுப்பு மூட்டியவர்களில், முன்பு நம்மிடம் முறையிட வந்த குடும்பத்துத் தாய் ஒருவரும் இருந்தார்.

அடுத்த ஞாயிறு நாமே அவரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து வந்தோம். அவர் முன்பு இருந்த அதே கடைசி வரிசையில் அமர்ந்தார். அவருக்கு இப்போது மூன்று சட்டைகள் இருந்தன. பதினைந்தாம் நாள் போர்வையை வெந்நீரில் நனைத்து உலர்த்திக் கொடுத்தபோது, அவர் அதன் ஓரத் தையலைத் தாமே விரித்துப் பார்த்துவிட்டு நம்மை நோக்கிச் சிரித்தார். பிறகு அந்த இல்லத்திற்கே சென்று தங்கினார்.

உரோமையில் ஒரு சலவைக்கூடம்

புனித பெனடிக்ட் ஜோசப் லாப்ரே என்பவரை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். 1748-இல் பிரான்சு நாட்டில் பிறந்த அவர், துறவு மடங்களில் நிலைத்திருக்க இயலாமல், கந்தலுடுத்தித் திருத்தலங்கள்தோறும் நடந்து திரிந்த ஏழை யாத்திரிகர். உரோமையில் பழைய கொலோசியத்தின் இடிபாடுகளில் படுத்துறங்கியிருக்கிறார். அவரது ஆடையில் பேன் மலிந்திருந்ததையும், மக்கள் அவரருகே வரத் தயங்கியதையும் அவரது வரலாறு மறைக்காமல் கூறுகிறது. 1783-இல் புனித வாரத்தில் அவர் இறந்தபோது, புனிதர் இறந்தார் என்று நகரத்துச் சிறுவர் தெருத்தெருவாகக் கூவினராம். 1881-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. திருச்சபை போற்றியது அவரது செபத்தையும் அன்பையுமேயன்றிப் பேனையன்று. பேன் ஊர்ந்த அந்தக் கந்தலுக்குள் இருந்தவர் யார் என்பதை, அருகே செல்லத் தயங்கியவர்கள் அறியத் தவறினர்.

அதே உரோமை நகரில் இன்று வேறொரு காட்சியைக் காணலாம். 2015-ஆம் ஆண்டில் புனித இராயப்பர் சதுக்கத்துத் தூண்வரிசையின் அருகே வீடற்றோர் குளிப்பதற்கென அறைகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தச் செய்தார். குளிக்க வருவோர்க்குத் துவாலையும் சோப்பும் மாற்று உள்ளாடையும் வழங்கப்பட்டன. 2017 ஏப்ரல் 10 அன்று, திராஸ்தேவெரே பகுதியிலுள்ள பழைய மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில், ஏழைகள் தம் துணிகளைக் கட்டணமின்றித் துவைத்துக்கொள்ள ஒரு சலவைக்கூடமும் திறக்கப்பட்டது. ஆறு சலவை இயந்திரங்கள், ஆறு உலர்த்தும் இயந்திரங்கள், அவற்றோடு இஸ்திரிப் பெட்டிகள். மேலே நாம் விவரித்த முறைக்குத் தேவையான வெந்நீர், சூடு, இஸ்திரி ஆகிய எல்லாம் அங்கே ஒருங்கே அமைந்துள்ளதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

நம் பங்குகளுக்கு இயந்திரங்கள் தேவையில்லை. ஓர் அண்டா, ஓர் அடுப்பு, ஒரு சோப்புக் கட்டி, மாற்றுடை வைக்க ஓர் அலமாரி ஆகியன போதும். வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் மாதம் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். பெருவிழாக்களின்போது ஏழைகளுக்குப் புத்தாடை வழங்குகிறோம்; ஒன்று மட்டும் கொடுத்தால் அதை அவர் இரவும் பகலும் அணிய நேரிடும். இரண்டாகக் கொடுப்போம். ஒன்றைத் துவைக்கும்போது உடுத்திக்கொள்ள மற்றொன்று வேண்டுமன்றோ? ஆடையற்றோர்க்கு ஆடை கொடுத்தல் என்னும் இரக்கச் செயலுக்கு, அந்த இரண்டாவது சட்டையே முழுமை தருகிறது.

கோவில் வாசலிலோ, பேருந்து நிலையத்திலோ, நம் வீட்டுத் திண்ணையிலோ ஓயாது சொறிந்துகொண்டிருக்கும் ஒருவரைக் கண்டால், அருகில் சென்று அவரது பெயரைக் கேட்போம். வீட்டில் அடுப்பை மூட்டி வெந்நீர் வைப்போம். அவரது போர்வை எங்கே இருக்கிறது என்று கேட்க மட்டும் மறவாதிருப்போமாக.